பெரியவர் மனசு வைக்கணும்

"இதையும் உடைச்சுட்டார்டா!"

ஆய்வுக்கூடத்துக்குள் வந்ததும் வராததுமாக, அக்கா கைப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மேஜைமேல் போட்டாள். பெரியவருக்காகத் தம்பி வார்த்துக் கொடுத்த ஷூவின் அடிப்பாகம் அது. உடைந்த ஓரம் பாலாக வெளுத்திருந்தது.

"எவ்வளவு நேரம் தாங்குச்சு?"

"நேரமா? ரெண்டு எட்டு வெச்சார், பட்டுனு விட்டுப்போச்சு. அப்புறம் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார் பாரு, நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு."

பெரியவரைப் பார்த்துக்கொள்வதுதான் அக்காவின் வேலை. குளிப்பாட்டுவது, சாப்பாடு கொடுப்பது, காலுக்கு மருந்து போடுவது எல்லாம் அவள்தான். "கட்டின புருஷனுக்கு ஒரு டம்ளர் தண்ணி எடுத்துத் தர அலுத்துக்கறா, அங்க மட்டும் ஓடி ஓடிச் செய்யறா" என்று மாமா புலம்பாத நாளில்லை.

பெரியவரின் உள்ளங்காலில் ஆறாத புண். உடம்போ கொஞ்சநஞ்ச உடம்பில்லை. அந்தப் பாரத்தைத் தாங்குகிற அளவுக்குக் கெட்டியாகவும் இருக்கவேண்டும், புண்ணில் உறுத்தாத அளவுக்கு மெத்தென்றும் இருக்கவேண்டும். அப்படி இரண்டுங்கெட்டானாக ஒரு பொருளைச் செய்வதுதான் தம்பியின் பிழைப்பு. வீட்டில் அவனுக்கு 'ரப்பர்' என்றே பெயர்.

"டாக்டர் என்ன சொல்றார்?"

அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "ஒருதடவை படுத்துட்டார்னா அப்புறம் எழுந்திருக்கவே மாட்டாராம். இந்த வாரமும் நடக்கலைன்னா, மேல மேல கஷ்டப்படுத்தாம ஒரு முடிவெடுத்துடலாம்ங்கறார்."

தம்பி கத்தியை எடுத்தான். துண்டிலிருந்து மெல்லிசாக ஒரு சீவல் வெட்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தான். பார்த்தவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"நீயே பாரு."

அக்கா ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். "அட, பூப்பூவா இருக்கு! அழகாத்தானேடா இருக்கு?"

"அந்த அழகுதான் ஆபத்து. இதுல இருக்கற ஒவ்வொரு மூலக்கூறுச் சங்கிலியிலயும் ரெண்டு பகுதி. ஒண்ணு ரப்பர் மாதிரி, இழுத்த இழுப்புக்கு வரும். இன்னொண்ணு கூட்டம் சேர்ந்து உறைஞ்சு படிகமாயிடும். ரெண்டுக்கும் ஒத்தே வராது. ஆனா ஒரே சங்கிலியில கோத்திருக்கறதால, விட்டுட்டுப் போகவும் முடியாது."

"நானும் உங்க மாமாவும்னு சொல்லு."

"அதேதான். படிகம் பொடிப்பொடியா இருந்தா குடும்பம் ஓடும். நான் தடிமனா வார்த்துட்டேன், நடுவுல சூடு ஆற நேரமாச்சு. படிகமெல்லாம் சாவகாசமா உட்கார்ந்து இவ்ளோ பெருசா வளர்ந்துடுச்சு. பூவும் பூவும் முட்டற இடத்துலதான் விரிசல்."

"சரி, இப்ப என்ன பண்றது?"

"சூடு பண்ணினா உருகும், மறுபடி வார்க்கலாம். இந்தத் தடவை மெல்லிசா, தகடு தகடா வார்த்து, ஒவ்வொண்ணையும் ஐஸ் தண்ணியில முக்கி எடுக்கறேன். வளர நேரமே கொடுக்க மாட்டேன். அப்புறம் அடுக்கி ஒட்டிடலாம்."

"தாங்குமா?"

"தாங்கணும். மீதிக்குப் பெரியவர் மனசு வைக்கணும்."

வாரக் கடைசியில் புது ஷூவோடு போனபோது, டாக்டர் வாசலிலேயே நின்றிருந்தார். காலடியில் அவருடைய பெட்டி. தம்பி அந்தப் பக்கம் பார்க்காமல் உள்ளே போனான்.

"காலைத் தூக்குங்க ஐயா. என் ராஜா இல்ல?" அக்கா கெஞ்சினாள்.

பெரியவர் அவளை யோசனையாகப் பார்த்தார். இவளை இன்னொரு தடவை நம்பலாமா என்று கணக்குப் போடுகிற மாதிரி இருந்தது. பிறகு மெதுவாகக் காலைத் தூக்கிக் கொடுத்தார். அவள் பட்டைகளை இழுத்துக் கட்டினாள்.

ஒரு எட்டு. தம்பி காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். சத்தம் வரவில்லை. அடுத்த எட்டு. ஷூவின் அடி மெத்தென்று அமுங்கி, மறுபடி எழும்பியது. பெரியவர் நின்று, காலை அழுத்திச் சோதித்துக்கொண்டார். பிறகு யாரையும் சட்டை செய்யாமல் சுவரோரம் வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார்.

"வலிக்கலைடா அவருக்கு! வலிக்கலை!"

அக்கா அழுதாள், சிரித்தாள், தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவனுக்கு அப்பாடா என்றிருந்தது.

டாக்டர் பெட்டியைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"பிழைச்சுட்டார் போங்க! ஆனா ஒண்ணு தம்பி, இந்தப் பக்கம் மட்டும் உயரம் கூடிட்டா நடை கோணிக்கும். மத்த மூணு காலுக்கும் எப்பத் தருவீங்க?"

தம்பி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், பெரியவரின் தும்பிக்கை அவன் தோள்மேல் கனமாக வந்து உட்கார்ந்தது.