மூலை மேகம்

“கதவைத் திறங்க. அஞ்சே நிமிஷம்.”

“முடியாது” என்றார் உள்ளேயிருந்து என் கணவர். “கெஞ்சினாலும் திறக்காதீங்கன்னு சாவியைக் கொடுத்து உள்ளே உட்கார வெச்சது யாரு? நீதானே?”

நான்தான். கடைசி நேரத்தில் கை வைத்துக் கெடுப்பது என் வியாதி. போன கண்காட்சிக்கு முன்னால் இரண்டு ஓவியங்கள் அப்படித்தான் பாழாயின. இன்று ஓவியத்தை ஏற்றிப் போக வேன் வரும்வரை என்னை உள்ளே விடக் கூடாது என்று ஏற்பாடு.

ஆனால் ஓவியத்தில் அந்த மூலை மேகம் பாறாங்கல் மாதிரி உட்கார்ந்திருந்ததே! கூடத்துக்கும் கதவுக்குமாக அலைந்தேன். நடுவில் குறட்டைச் சத்தம் வேறு கேட்டது. எரிச்சலோடு ஓங்கித் தட்டினேன்.

“பெயின்ட் இன்னும் காயலைங்க. துணியால லேசா ஒத்தி எடுத்தாப் போதும்.”

“வே... வேண்டாம்மா. இருக்கிறபடியே இருக்கட்டும்.”

வழக்கமாக இரண்டாவது தட்டலுக்கே இளகிவிடுகிற மனிதர், இன்று அசையவில்லை.

வேன் வந்து ஹாரன் அடித்த பிறகுதான் கதவைத் திறந்தார். ஓடிப் போய்ப் பார்த்தேன். மேகம் பஞ்சாக மிதந்தது.

“தள்ளி இருந்துட்டுப் பார்த்தா எல்லாம் சரியாத்தான் இருக்கு. நல்லவேளை, நீங்க திறக்கலை.”

“அதான்” என்றபடி, என்னைப் பார்த்துக்கொண்டே எதிர்ச்சுவர்ப் பக்கம் பின்வாங்கினார்.

அந்தச் சுவரில்தான் என் பெரிய கண்ணாடி இருக்கிறது. எந்த ஓவியத்தையும் அனுப்புமுன் அதில் ஒருமுறை பார்ப்பேன். இடவலம் மாறித் தெரியும்போது பிழை பளிச்சென்று அகப்பட்டுவிடும்.

பார்த்தேன். ஓவியத்தில் ஒரு பிழையும் இல்லை.

கண்ணாடியில் தெரிந்த அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில், என் மேகத்தின் மீதிப் பாதி ஈரமாக அப்பியிருந்தது.