தெற்கு பார்த்த கூடு

சங்குக்குள் குடியிருந்த நண்டக்காவுக்கு அந்தப் பெரிய சங்கை இழுத்து இழுத்து அலுத்துவிட்டது. பிள்ளைகளும் தனித்தனியே போய்விட்டார்கள். ஒண்டி ஆளுக்கு இத்தனை பாரம் எதற்கு? குட்டியாக ஒரு கூடு தேடக் கிளம்பினாள்.

துணைக்கு நத்தையண்ணன் வந்தார். பிறந்ததிலிருந்து வீடே மாற்றாதவர். அதனாலேயே வீடு பார்ப்பதில் அவருக்கு ஏகப்பட்ட யோசனைகள்.

முதல் கூட்டின் கூரையில் ஓட்டை. அடுத்ததில் இடுப்பு நுழையவில்லை. மூன்றாவது அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. நண்டக்கா சங்கைவிட்டு வெளியே வந்து, வலது பக்கத்துக் கால்களையெல்லாம் ஒன்றாக எடுத்து உள்ளே வைத்தாள்.

"இரும்மா! வாசல் தெற்கே பார்த்திருக்கு. ஆகாது," என்றார் நத்தை.

"ஐயையோ, நல்லவேளை சொன்னீங்க!" கால்களை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு காக்கை இறங்கியது. நத்தை தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். நண்டக்கா திசையும் பார்க்கவில்லை, நேரமும் பார்க்கவில்லை. அதே கூட்டுக்குள் பாய்ந்து, வீட்டோடு கடலைப் பார்த்து ஒரே ஓட்டம். பெரிய சங்கோடு ஒருநாளும் அப்படி ஓடியதில்லை.

காக்கை போனதும் நத்தை எட்டிப்பார்த்தார். "தப்பிச்சிட்டே. ஆனா தெற்கு வாசலாச்சேம்மா?"

"நல்லாப் பாருங்கண்ணே, கிழக்கு!" என்றாள் நண்டக்கா, அலையில் நின்றபடி. "பார்த்துப் பார்த்து எடுத்த வீடாக்கும்."

நத்தை பார்த்தார். கிழக்கேதான். அப்புறம்தான் தன் வாசல் நினைவு வந்தது. அது தெற்கே பார்த்திருந்தது. பதறிப்போய், மெல்ல மெல்லத் திரும்பத் தொடங்கினார்.