செம்மண் ஒட்டிய பிரஷ்

கலியாணப் பொம்பிளையைச் சோடிச்சு வெளிக்கிடுத்திற வேலை என்றுதான் யூடித் தாயிடம் சொல்லியிருந்தாள். பின்னேரம் இடம்பெயர்ந்தோர் முகாமுக்கு வந்ததும் மேக்கப் பிரஷ்களைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மயிர் வளையாமல் துணியில் படுக்கவைத்துக் காயவிடுவாள். தாய் பெற்றிசியாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கழுவின தண்ணியில் பவுடரையே காணவில்லை, வெறும் செம்மண்.

“ஆரின்ர முகத்திலயடி மண் பூசுறாய்? தவக்காலத்தில எந்தக் கோயில்ல கலியாணம்?”

யூடித் பிரஷ் ஒன்றைக் கையில் எடுத்தாள்.

“பூசேல்லயம்மா, மண்ணைத் தட்டுறன். இந்தப் பிரஷ்தான் மெத்தெண்டு இருக்கு. கொஞ்சம் அமத்தினாலும் வெடிச்சிடும்.”

பெற்றிசியா கதிரையை இறுகப் பிடித்துக்கொண்டாள். யூடித் தாயின் தோளைத் தொட்டாள்.

“அரிப்பு ஊரில எங்கட காணியில கிடந்த கடைசி மிதிவெடியையும் இண்டைக்கு எடுத்தாச்சு. இனிக் கிணத்தடியில நீங்கள் வெறுங்காலோட நடக்கலாம்.”