சாய்ந்த நாற்காலி

படங்களுக்குச் சட்டம் போடும் கடையில், மரத்தூளின் மேல் மாலை வெயில் மஞ்சளாக விழுந்து கிடக்கிறது. ஓவியக்காரி கைக்குள் ரப்பரோடு மூச்சிரைக்க வந்து நிற்கிறாள். எவ்வளவு கவனமாக வரைந்தாலும் அவளுடைய நாற்காலிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகின்றன. சட்டம் போட இங்கே கொடுத்திருக்கும் படத்தைக் கண்ணாடி மூடுவதற்குள், அதிலுள்ள இந்த ஒன்றையாவது நிமிர்த்திவிட வேண்டும். "அண்ணே, என் படத்துல பேர்கூடப் போடல. இத்தனைக்குள்ள எப்படித் தேடுவீங்க?" சுவரோரம் அடுக்கிய படங்களைக் கடைக்காரர் சீட்டுக்கட்டைப் போல விரலால் தள்ளிக்கொண்டே போய் ஒன்றை உருவுகிறார். "பேர் எதுக்கும்மா? உங்க நாற்காலி மட்டும்தான் யாரோ இப்பத்தான் எந்திரிச்சுப் போன மாதிரி இருக்கும்." அவள் படத்தையே பார்க்கிறாள். உள்ளங்கையில் ரப்பர் வியர்வையில் பிசுபிசுக்கிறது. "எதுக்கு இப்படி ஓடி வந்தீங்க?" என்கிறார் அவர். "ஒண்ணுமில்லண்ணே. கண்ணாடியப் போட்டுடுங்க."