சங்கு கூப்பிட்ட சொல்

கத்தரிக்கோலால் கறி வெட்டுவதை முருகையன் அன்றுதான் பார்த்தார். பக்கத்து மேசையில் ஒரு பெண், நெருப்பில் வாட்டிய பன்றிக்கறியை இடுக்கியால் தூக்கிப் பிடித்து, ரவிக்கைத் துணி வெட்டுவது போல நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் மடியில் ஒரு மஞ்சள் பை இருந்தது. பைக்குள் பட்டறையிலிருந்து கொண்டுவந்த பெரிய ஸ்பேனர்.

அடையாறில் மரங்கள் அடர்ந்த தெருவொன்றில் இருந்தது அந்தக் கொரியச் சாப்பாட்டுக் கடை. அவர் மகள் கயல் அங்கேதான் பில் போடுகிறாள். கடையின் கொரியச் சமையற்காரன் சங்குவைக் கட்டிக்கொள்ளப் போவதாக முந்தின நாள் தாய் முத்தம்மாவிடம் சொல்லியிருந்தாள். அவரிடம் சொல்லவில்லை; முத்தம்மா வழியாகத்தான் அவருக்குத் தெரிந்தது. குடித்துவிட்டு வந்து அவர் முத்தம்மாவின் கையை முறித்தபோது கயல் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அன்றோடு அவரை அப்பா என்று கூப்பிடுவதை நிறுத்தியவள். வீட்டில் அவருக்குப் பெயர் 'அந்தாளு'.

ஈக்காட்டுத்தாங்கல் லேத் பட்டறையில் கூட வேலை செய்யும் பீர் முஹம்மது, காலையில் அவர் முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கறந்துவிட்டார். கொரியாக்காரனும் பெற்றவனை அப்பா என்றுதான் கூப்பிடுவான், வீட்டில் பிள்ளைகள் பார்க்கிற சீரியலில் தினமும் கேட்கிறேன் என்றார். பெண் கூப்பிடாவிட்டால் என்ன, மாப்பிள்ளை கூப்பிடுவான், போய் நல்லபடியாகச் சாப்பிட்டுவிட்டு வா என்று சிரித்தார். முருகையன் ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டார்.

கயல் பாண்டி பஜார் வரை போயிருப்பதாகப் பரிமாறுகிறவன் சொன்னான். அதுவும் நல்லதாகப் போயிற்று.

அவர் கேட்காமலே கிண்ணம் கிண்ணமாக மேசைக்கு வந்தது. சிவப்பாக இருந்ததை ஊறுகாய் என்று வாயில் போட்டார். புளித்துப்போன முட்டைக்கோஸ். இதைத் தின்கிறவன் வீட்டிலா என் பெண் காலம் தள்ளுவாள் என்று நினைத்தபோது, கை தானாகப் பைக்குள் போயிற்று.

கறித் தட்டை எடுத்துக்கொண்டு சமையற்காரனே வந்தான். மெலிந்த உடம்பு, மீசை இல்லாத முகம். தட்டை வைத்துவிட்டு, மேசையிலிருந்த கண்ணாடி ஜாடியை இரண்டு கையாலும் பிடித்து அவருக்குத் தண்ணீர் ஊற்றினான்.

"நீதான் சங்கா?"

அவன் குனிந்து வணங்கினான். "சங்-கு."

"இன்னா பேர்டா இது. ஊதறதுக்குன்னே வெச்சா மாரி கீது."

அவனுக்குப் புரியவில்லை. அதற்கும் சிரித்தான்.

முதல் அடி ஜாடி பிடித்திருந்த மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம் அவருக்கே கேட்டது. ஜாடி உடைந்தது, கிண்ணங்கள் கவிழ்ந்தன, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடினார்கள். தடுக்க வந்த பரிமாறுகிறவனை ஓர் உதையில் சுவரோடு சாத்தினார்.

தரையில் விழுந்த சங்கு கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முனகினான். "அப்பா."

முருகையன் காதில் அது சரியாக விழவில்லை. இரண்டாவது அடி தோளில் விழுந்தது. சறுக்கிய இரும்பு காதைக் கிழித்தது. ரத்தம் கழுத்து வழியாக வெள்ளைச் சட்டைக்குள் இறங்கியது. அவன் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி மறுபடியும் சொன்னான்.

"அப்பா... அப்பாயோ."

மண்டையைக் குறி பார்த்து ஓங்கிய ஸ்பேனர் அப்படியே நின்றது.

எத்தனையோ பேரை அடித்திருக்கிறார். திட்டியவர்கள் உண்டு, காலில் விழுந்தவர்கள் உண்டு, திருப்பி அடித்தவர்களும் உண்டு. அடிக்கிற கையைப் பார்த்து உறவு சொல்லிக் கூப்பிட்டவன் ஒருவனும் இல்லை. பெற்ற பெண் வாயில் செத்துப்போன சொல் அது. ஊர் தெரியாத, பாஷை தெரியாத ஒருவன் ரத்தத்தோடு அதைத் தன் முன்னால் வைத்தது போல இருந்தது.

ஸ்பேனர் அவர் கையிலிருந்து நழுவியது. கண்ணாடிச் சில்லுகள் மேலேயே உட்கார்ந்து, அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். தோள் துண்டை உருவிக் காதில் அழுத்தினார். ஆட்டோ கூப்பிடுங்கடா என்று கத்தினார். குரல் உடைந்தது. அழுது எவ்வளவு காலமாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கயல் உள்ளே வந்தாள். கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். போலீஸ் வரட்டும், உள்ளே போகிறேன், ஆனால் கல்யாணத்தை நான்தான் நடத்தி வைப்பேன் என்று முருகையன் ஏதேதோ சொன்னார். முத்தம்மாவின் கால்களில் விழவும் தயார் என்றார்.

"இவ்ளோ அடிச்சும் என்னை அப்பான்னு கூப்டுகினே இருந்தான்மா. நீ கூப்டாத கொறையெல்லாம் இவன் தீத்துட்டான். இவன் உன் புருசன் இல்ல, என் புள்ள."

கயல் சங்குவின் பக்கம் குனிந்தாள். அவனுடைய தொங்கிப்போன மணிக்கட்டைப் பூப்போலத் தொட்டு, அவன் பாஷையில் மெதுவாக ஏதோ கேட்டாள். அவன் தலையை அசைத்து அதே சொல்லைச் சொன்னான். இந்த முறை அவளைப் பார்த்து.

முருகையன் ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவன் தலையை அவர் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு கயல் சொன்னாள்.

"அவன் உன்னைக் கூப்புடல. அவுங்க பாஷையில அதுக்கு 'வலிக்குது'ன்னு அர்த்தம்."