நாலாம் அறையின் வரவு

"காசு வாங்கிக்கிட்டுத் தூங்குறாங்க சார். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

கணக்கு எழுதும் அம்மாள் சொன்னதும் மேலாளர் பேனாவை மூடி வைத்தார்.

அது ஒரு மனநல ஆலோசனை மையம். மொத்தம் ஆறு அறைகள். மூன்று மாதக் கணக்கில் ஐந்து அறைகளுக்கு வரவு ஏறியிருந்தது. நாலாம் அறைக்கு மட்டும் பாதியாக இறங்கியிருந்தது.

"நாலாம் அறைன்னா, தூக்கம் வராதவங்களைப் பார்க்கிற ஆலோசகிதானே?"

"அவங்களேதான். தூக்கமில்லைன்னு அழுதுக்கிட்டு ஒருத்தர் வந்தா, இவங்க எதிர்ல சாஞ்சுக்கிட்டுச் சுகமா தூங்குறாங்க. கதவுக் கண்ணாடி வழியா மூணு தடவை பார்த்துட்டேன். வர்றவங்க நாலு தடவை வர்றாங்க, அஞ்சாவது தடவை ஆளையே காணோம். பின்ன? இவங்க தூங்குறதைப் பார்க்கவா பணம் கட்டுவாங்க?"

மேலாளர் பெருமூச்சு விட்டார். "அவங்க ஒருத்தர் சம்பளத்துலதான் அந்த வீடே ஓடுது."

"அதுக்கு நாம என்ன சார் பண்றது? நான் வீட்டுலகூடத் தூங்காம கணக்குப் பார்க்கிறேன்."

"சரி, தாளைக் கொடுத்துட்டுப் போங்க. நாலு மணிக்குக் கூட்டம், முதலாளி வர்றார். ஆலோசகியை வந்து பதில் சொல்லச் சொல்லுங்க. வரலைன்னா அறையை மூடிடலாம்னு அவர் முன்னாடியே சொல்லிட்டார்."

அம்மாள் படியிறங்கிப் போனாள். கால் போன வேகத்துக்குத் தலை வரவில்லை. தூங்கி ஐந்து நாள் ஆகிறது. கண்ணை மூடினால் போதும், எண்களெல்லாம் எறும்பாக ஊர ஆரம்பித்துவிடும்.

நாலாம் அறையில் எதிரெதிராக இரண்டு சாய்வு நாற்காலிகள். ஜன்னலில் வெளிர்நீலத் திரை. காற்றில் அது மெல்ல உப்பி, மெல்ல அடங்கியது.

"வாங்கக்கா, உட்காருங்க. கண்ணு ரெண்டும் இப்படிச் செவந்திருக்கே?"

"என் கண்ணை விடுங்க. நாலு மணிக்கு மாடியில கூட்டம். வந்து பதில் சொல்லலைன்னா உங்க அறையை மூடிடுவாங்க."

"கேள்விப்பட்டேன். சொல்ல வேண்டியதெல்லாம் மனசுல எழுதி வச்சிருக்கேன், வந்திடுறேன். நீங்க தூங்கி எத்தனை நாளாச்சு?"

"அஞ்சு."

"இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கே. சும்மா ஒரு பத்து நிமிஷம் உட்காருங்க."

சொல்லிவிட்டு ஆலோசகி பின்னால் சாய்ந்தாள். கண்ணை மூடினாள். மூச்சு நீளமாக வர ஆரம்பித்தது.

அடிப்பாவி! வேலைக்கே உலை வைக்கப் போகிறார்கள், இப்போதும் தூக்கமா? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. எத்தனை நிமிடம் தூங்கினாள் என்று குறித்து வைக்க வேண்டும்.

அம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று பதினேழு.

ஆலோசகியின் மூச்சு போயிற்று, வந்தது. திரை உப்பியது, அடங்கியது. மூன்று இருபது.

எறும்புகள் வந்தன. ஆனால் இன்றைக்கு ஊரவில்லை. வரிசையாகத் திரையில் ஏறி, ஜன்னலைத் தாண்டி, ஒவ்வொன்றாக வானத்துக்குள் போயின. கடைசி எறும்பு திரும்பிப் பார்த்துவிட்டுப் போயிற்று. அப்புறம் வெளிர்நீலத் தண்ணீர். அதில் அவள் மிதந்துகொண்டிருந்தாள். யாருடைய கையோ பக்கத்தில் இருந்தது. விட்டால் அமிழ்ந்துவிடுவோம் என்று அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கியிருந்தது. கடிகாரத்தில் ஐந்து ஐம்பது.

எதிர் நாற்காலியின் நுனியில், முன்னால் குனிந்தபடி ஆலோசகி உட்கார்ந்திருந்தாள். அவள் கை, அம்மாளின் இரண்டு கைகளுக்குள் இருந்தது.

"ஐயையோ! நீங்களும் தூங்கி, நானுமா தூங்கிட்டேன்?"

"நான் தூங்கலைக்கா. இந்த அறையில ஒரு நாள்கூடத் தூங்கினதில்லை." ஆலோசகி சிரித்தாள். "பிள்ளையைத் தூங்க வைக்கிறதுக்கு நாம பக்கத்துல கண்ணை மூடிக்கிட்டுப் படுக்கிறதில்லையா? அந்த வித்தைதான். எதிர்ல ஒருத்தி கொட்டக் கொட்ட முழிச்சுப் பார்த்துக்கிட்டிருந்தா யாருக்குத் தூக்கம் வரும்? நாலு தடவை இங்க தூங்கிட்டாங்கன்னா, அப்புறம் அவங்க வீட்டுலயே தூங்கிக்குவாங்க."

பாதியாக இறங்கிய வரவு எங்கே போயிற்று என்று அம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது. கடிகாரத்தை மறுபடியும் பார்த்தாள்.

"கூட்டம்? கூட்டம் என்னாச்சு?"

சாவிக்கொத்தோடு வாசலில் நின்ற அட்டெண்டர்தான் பதில் சொன்னார். "அது முடிஞ்சு ஒரு மணி நேரமாச்சும்மா. நான் ரெண்டு தடவை கூப்பிட வந்தேன். இவங்க உதட்டுல விரலை வச்சு, சத்தம் போடாம போன்னு சைகை காட்டிட்டாங்க. பதில் சொல்ல ஆள் வரலைன்னு அறையை மூட உத்தரவு போட்டாச்சு."

அம்மாள் பிடித்திருந்த கையை விட்டாள். ரத்தம் ஓடாமல் அது வெளுத்துக் கிடந்தது.

"என்னை உதறிட்டு ஓடியிருக்கக் கூடாதா? உங்களைப் பத்திக் கோள் சொன்னதே நான்தான்!"

"தெரியும்க்கா" என்றாள் ஆலோசகி, மரத்துப்போன விரல்களை மெல்ல மடக்கி நீட்டியபடி. "ஆனா கையை எடுத்திருந்தா நீங்க முழிச்சிருப்பீங்களே."