பட்டியலில் இல்லாத தடயம்

"பிணத்துக்குப் பக்கத்துல இருந்த தண்ணியை யாருய்யா குடிச்சது?"

"ரொம்பத் தாகம், மேடம்" என்று தலையைச் சொறிந்தார் ஒரு எஸ்.ஐ.

தடயவியல் ஆலோசகரான அவளுக்குத் தலை சுற்றியது. காற்று வரட்டுமென்று ஒருவர் ஜன்னலைத் திறந்துவிட்டார். இன்னொருவர் ரத்தக் கறையை மிதித்தே விட்டார். வீட்டிலாவது நிம்மதி உண்டா? ஊருக்குப் போகலாம் என்று கணவர் மூன்றாவது முறையாகக் கேட்க, மூன்றாவது முறையாக இவளும் தள்ளிப்போட்டாள். "இனிமே கேட்கவே மாட்டேன்" என்றவர், காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. அது வேறு முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது.

"பாக்கெட்டைப் பார்த்தீங்களா? வாயால சொல்ல முடியாததைப் பாக்கெட் சொல்லும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று எரிந்து விழுந்தாள்.

எஸ்.ஐ. கையுறை விரலைப் பிணத்தின் சட்டைப் பைக்குள் விட்டார். "ரெண்டு ரயில் டிக்கெட், மேடம். இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணி வண்டி."

"டிக்கெட்டா? நான் வெச்ச தடயம் மொத்தமே ஆறுதானே! ஏழாவதை யாருய்யா வெச்சது?"

"நான்தான்" என்றது பிணம், கண்ணைத் திறக்காமலே.

எஸ்.ஐ. துள்ளி விழுந்தார்.

"பயிற்சி பொம்மை உடைஞ்சுபோச்சு, நீங்க வந்து படுங்கன்னு நேத்து சொன்னே, படுத்துட்டேன். வீட்டுல என் முகத்தைப் பார்க்கவே உனக்கு நேரமில்லை. இங்கேயாவது பாக்கெட்டைப் பார்ப்பியேன்னு வெச்சேன்" என்றார் கணவர்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலரை. டிக்கெட்டுகளைத் தடய உறையில் போட்டு ஒட்டி, கையெழுத்திட்டு, தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"வகுப்பு முடிஞ்சது. பிணத்தை நானே எடுத்துட்டுப் போறேன்."